உயிரிழப்பும் ஈட்டுரிமையும்

மட்டக்களப்பு வாவி வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கின்றது. அதன் கீழ்க்கரை எழுவான்கரை, மேல்கரை படுவான்கரை. 2014 ஆம் ஆண்டில் மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரை அத்துறையில் இரு கரைகளையும் இணைத்தது, மக்கள் 'பாதை' என்றழைத்த மிதவையே. வயலுக்கும் சந்தைக்கும் வைத்தியசாலைக்கும் நீரைக் கடந்தே போகவேண்டியிருந்த நாட்டில், காலையிற் புறப்பட்டவர் மாலையில் மீளாத வீடுகள் பல இருந்திருக்கும். இன்று நெடுஞ்சாலை மோட்டார் வண்டிகளும் அவ்வேலையைச் செய்கின்றன.

பிறர் கவனக்குறைவால் ஒருவர் இறந்தால், அவரை நம்பி வாழ்ந்தோர் சட்டத்தின் முன் யாது கேட்கலாம்? இக்கேள்விக்கு விடை தேடுவோர் உரோமாபுரியிலிருந்து தொடங்கவேண்டும்.

கிறித்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் எழுந்த அக்குவிலியச் சட்டம், பிறனுடைய அடிமையையோ மாட்டையோ கொன்றவன், அதற்கு முந்திய ஓராண்டில் அதற்கிருந்த மிக உயர்ந்த விலையை உடையவனுக்குக் கொடுக்கவேண்டும் என்றது. சுதந்திர மனிதன் கொல்லப்பட்டாலோ, அவன் உடலுக்கு விலை மதித்தல் ஒவ்வாது என்று உரோம சட்ட அறிஞர் கூறிவிட்டனர். உயர்ந்த கொள்கைதான், ஆனால் அதன் பயனாகக் கைம்பெண் வெறுங்கையோடு நின்றாள். மாட்டுக்காரனுக்குக் கிடைத்தது அவளுக்குக் கிடைக்கவில்லை.

இவ்வழியை மாற்றிய பெருமை ஒல்லாந்த சட்ட ஆசிரியர்களைச் சாரும். அவர்களுள் தலைசிறந்தவர் ஊகோ குரோசியசு. அரசியற் பகையால் லூவெசுட்டைன் கோட்டையில் அடைபட்டிருந்தபோது அவர் ஒல்லாந்தின் சட்டத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். 1621 இல் புத்தகப் பெட்டிக்குள் ஒளிந்து அவர் சிறை தப்பிய கதை பலரும் அறிந்தது. நூல் 1631 இல் வெளிவந்தது. உயிருக்கு விலையில்லை என்பதை அவர் மறுக்கவில்லை. ஆயினும் இறந்தவனின் உழைப்பால் உண்டு வாழ்ந்த மனைவி மக்களுக்கு நேர்ந்த இழப்பு கணக்கிடத்தக்கது, அதனைக் கொன்றவன் ஈடுசெய்யவேண்டும் என்றார். கேட்கப்படுவது உயிரின் விலையன்று, இழந்த சோற்றின் விலை.

அந்நூல் வெளிவந்து ஏழாண்டில், 1638 இல், ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து மட்டக்களப்புக் கோட்டையைக் கைப்பற்றினர். இலங்கையில் அவர்கள் கைக்கு வந்த முதற் கோட்டை அதுவே. புளியந்தீவில், பிற்காலத்தில் நெடுநாள் கச்சேரி இயங்கிய அக்கோட்டைச் சுவர்களை இன்றும் காணலாம். ஆங்கிலேயர் 1796 இல் ஒல்லாந்தரை அகற்றிய பின்னும் அவர்கள் சட்டத்தை அகற்றவில்லை. 1799 ஆம் ஆண்டுப் பிரகடனம் அதனைத் தொடரச் செய்தது.

இங்கிலாந்திலோ நிலைமை வேறு. 1808 இல், கவிழ்ந்த பயண வண்டியொன்றால் மனைவியை இழந்த கணவர் வழக்காடினார். மனித மரணத்தைக் குறித்து உரிமை வழக்கில் முறையிட இயலாது என்று எலன்பரோ பிரபு தீர்த்தார். மனைவி காயத்தோடு உயிருடனிருந்த ஒரு மாதத்துக்கு ஈடு உண்டு, இறந்த பின் இல்லை என்பதே அதன் பொருள். காயப்படுத்துவதைவிடக் கொல்வது மலிவாயிற்று! இக்குறையை நீக்க 1846 இல் அங்கே தனிச்சட்டம் இயற்றினர். இந்தியாவுக்கு 1855 இல் அதுபோன்ற சட்டம் வந்தது. இலங்கையிலோ ஒல்லாந்த வழியிற் கைம்பெண்ணுக்கு உரிமை முன்னரே இருந்தது.

இவ்வுரிமை மட்டக்களப்பில் தனிக் கவனத்துக்குரியது. இங்கு வழங்கிய முக்குவர் சட்டத்தின்படி ஆடவனின் முதுசம் சகோதரியின் மக்களைச் சேரும். 1876 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் பின்னரே அம்முறை மறைந்தது. ஆனால் ஈட்டுரிமை முதுசத்தின் வழியே செல்வதன்று. காணி எவருக்குப் போனாலும், பராமரிப்பை இழந்த மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அது அவரவர் சொந்த உரிமை.

எனினும் சோற்றை அளந்த சட்டம் அன்பை அளக்கவில்லை. உழைக்கும் தந்தை இறந்தால் கணக்கு உண்டு. நான்கு வயதுக் குழந்தை இறந்தால்? அக்குழந்தை எவருக்கும் சோறு போடவில்லை. சிகிச்சைக் குறைவால் மகள் இறந்தாள் என ஒரு தந்தை தொடுத்த வழக்கில் மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபாய் விதித்தது. 2001 ஆம் ஆண்டின் சட்ட அறிக்கையில் பதிவான உயர் நீதிமன்றத் தீர்ப்பு அதனைத் தள்ளிற்று. குறைபாட்டால்தான் மரணம் நேர்ந்தது என்பது நிறுவப்படவில்லை என்றதோடு, பிள்ளையின் அன்பையும் துணையையும் இழந்ததற்கு ஒல்லாந்த வழிச் சட்டத்தில் ஈடில்லை என்றும் அது கூறிற்று. அவ்விழப்புக்கும் ஈடு கேட்க வழி திறந்தது 2019 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கச் சட்டம். குரோசியசின் நூலுக்கும் அதற்கும் இடையே 388 ஆண்டுகள்.

வேலைத்தலத்து மரணங்களுக்கு 1934 ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் தனி வழி வகுத்தது. அதன்கீழ் முதலாளியின் தவற்றை நிறுவ வேண்டியதில்லை. பணம் ஆணையாளரிடம் கட்டப்பட்டு, தங்கிவாழ்வோருக்குப் பங்கிடப்படும். ஆலைத் தொழிலாளியின் குடும்பத்துக்கு இது பெருந்துணை. சொந்தத் தோணியில் வாவியிறங்கி வலைவீசும் மீனவனுக்கோ முதலாளி இல்லை. அவன் தோணியை விசைப்படகு மோதி அவன் இறந்தால், மனைவி பிறர் தவற்றைச் சான்றுகளால் நிறுவியே ஆகவேண்டும். நாளொன்றுக்கு என்ன உழைத்தான் என்பதற்குச் சம்பளச் சீட்டும் இராது. மீன் வாங்கிய வியாபாரியின் சாட்சியமே அவளுக்குத் துணை.

காலமும் காத்திருப்பதில்லை. 1871 ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டம் இத்தகைய தீங்குகளுக்கான வழக்குக்குப் பொதுவாக இரண்டே ஆண்டுகள் தருகின்றது. அந்தியேட்டி முடிந்து, ஆண்டுத் திவசமும் முடிந்து, உறவினர் கூடி வழக்குப் பற்றிப் பேசத் தொடங்கும் வேளையில் அதிற் பாதி கழிந்திருக்கும்.