காலப்பயணமும் டைட்டானிக் விபத்தும்

வருங்காலத்திலிருந்து ஒருவர் 1912ஆம் ஆண்டுக்குத் திரும்பிச் சென்று டைட்டானிக் கப்பல் மூழ்குவதைத் தடுக்க முடியுமா என்பது, காலப்பயணம் பற்றிய விவாதங்களில் அடிக்கடி எழும் கற்பனைப் புதிர். அந்த இரவில் நடந்தவை பிரிட்டன், அமெரிக்கா ஆகிய இரு நாட்டு விசாரணைகளிலும் விரிவாகப் பதிவாகியுள்ளன. அதனால் எந்த இடத்தில் குறுக்கிட்டால் என்ன நடந்திருக்கும் என்று ஓரளவு உறுதியாகவே பேச முடிகிறது.

குறுக்கிடத்தக்க தருணங்கள்

1912 ஏப்ரல் 10 அன்று சவுத்தாம்டனிலிருந்து நியூயார்க்குக்குப் புறப்பட்ட டைட்டானிக், ஏப்ரல் 14 இரவு 11.40 மணிக்கு வட அட்லாண்டிக்கில் பனிப்பாறை மீது உரசியது. மறுநாள் அதிகாலை 2.20 மணிக்கு மூழ்கியது. ஏறத்தாழ 1,500 பேர் இறந்தனர்.

எச்சரிக்கை செய்யப் போகிறவருக்கு முதல் இடைஞ்சல், அந்தக் கப்பலில் எச்சரிக்கைக்குப் பஞ்சமே இல்லை என்பதுதான். பனி பற்றிய தகவல்கள் பிற கப்பல்களிலிருந்து அன்று பலமுறை வந்தன. மெசாபா என்ற கப்பல் இரவில் அனுப்பிய செய்தி, டைட்டானிக் நுழையவிருந்த பகுதியையே குறித்தது. ஆனால் அது கப்பலைச் செலுத்திய அதிகாரிகளின் கைக்குப் போய்ச் சேரவில்லை. மோதலுக்கு ஒரு மணி நேரம்கூட இல்லாதபோது, பனிக்கிடையே நின்றுவிட்ட கலிபோர்னியன் கப்பலின் தந்தியாளர் சிரில் எவன்ஸ் தொடர்புகொண்டார். பயணிகளின் தந்திகளை அனுப்பிக்கொண்டிருந்த டைட்டானிக்கின் தந்தியாளர் ஜாக் பிலிப்ஸ், குறுக்கே பேசாதே என்று அவரை அதட்டிவிட்டார். வானம் தெளிவாக இருந்தால் பனி கண்ணில் படும்வரை வேகத்தைக் குறைப்பதில்லை என்பது அக்கால வழக்கம். சக மாலுமிகளின் சொல்லுக்கே கிடைக்காத மரியாதை, ஊர் பேர் தெரியாத ஒருவருக்குக் கிடைத்திருக்கும் என்று நம்ப இடமில்லை.

கண்காணிப்பு மேடைக்குத் தொலைநோக்கி கொடுத்திருந்தால் போதும் என்று பலர் சொல்வதுண்டு. அன்று அங்கே காவலில் இருந்த ஃபிரடெரிக் ஃபிளீட்டும், தொலைநோக்கி இருந்திருந்தால் சற்று முன்னதாகவே பார்த்திருப்போம் என்று சாட்சியம் அளித்தார். ஆனால் துருவப் பயணி எர்னஸ்ட் ஷாக்கிள்டன், காவலாளுக்குத் தொலைநோக்கி தருவதில் தமக்கு நம்பிக்கையில்லை என்று பிரிட்டிஷ் விசாரணையில் கூறினார். இன்னொரு வழி, கப்பலைத் திருப்பாமல் நேராக மோதவிடுவது. அப்படி மோதியிருந்தால் முன்பகுதி 80 முதல் 100 அடிவரை நசுங்கி, அங்கிருந்த ஊழியர்கள் இறந்திருப்பார்கள். கப்பல் மிதந்திருக்கும் என்று அதைக் கட்டிய நிறுவனத்தின் வடிவமைப்பாளர் எட்வர்ட் வைல்டிங் கருதினார். ஆனால் பனிப்பாறையைக் கண்டதும் அதன்மேல் நேராக மோது என்று உத்தரவிட எந்த அதிகாரிக்கு மனம் வரும்?

இவற்றைவிட எளிய வழி ஏழு மாதம் முன்னால் இருக்கிறது. 1911 செப்டம்பர் 20 அன்று டைட்டானிக்கின் உடன்பிறப்புக் கப்பலான ஒலிம்பிக், ஹாக் என்ற போர்க்கப்பலுடன் மோதிச் சேதமடைந்தது. அதைப் பழுதுபார்க்க ஆட்கள் திருப்பிவிடப்பட்டதால், மார்ச் 20 என்று குறிக்கப்பட்டிருந்த டைட்டானிக்கின் முதல் பயணம் ஏப்ரல் 10க்குத் தள்ளிப்போனது. அந்த மோதலைத் தவிர்த்திருந்தால் டைட்டானிக்கும் அந்தப் பனிப்பாறையும் ஒரே இரவில் ஒரே இடத்தில் சந்தித்திருக்க வாய்ப்பில்லை.

கப்பலைக் காப்பதை விட்டுவிட்டு உயிர்களைக் காப்பது என்றால் வேலை இன்னும் சிறியது. அதட்டு வாங்கிய எவன்ஸ் கருவியை அணைத்துவிட்டுத் தூங்கப் போனார். உதவிகோரும் அழைப்பு அதன்பிறகே வந்தது. அவரை விழித்திருக்கச் செய்தாலே போதும். கலிபோர்னியன் எவ்வளவு தொலைவில் நின்றது என்பதில் சர்ச்சை இருந்தாலும், உதவிக்கு வந்த கார்பேதியா கப்பலைவிட அது மிக அருகில் இருந்தது. படகுகளின் கதை வேறு. ஏறத்தாழ 2,200 பேருக்கு இருந்தவை 1,178 பேருக்குப் போதுமான 20 படகுகள். சட்டம் கேட்டதோ அதைவிடக் குறைவு. அதை மாற்ற விரும்புகிறவர் கப்பலுக்குப் போய்ப் பயனில்லை, அந்த விதிகளை வகுத்த லண்டன் வணிக வாரியத்தின் கோப்புகளுக்குத்தான் போக வேண்டும்.

தர்க்கமும் இயற்பியலும்

விபத்தைத் தடுத்துவிட்டால், தடுக்கப் புறப்படுவதற்கான காரணமே இல்லாமல் போகும். தாத்தா முரண்பாடு எனப்படும் சிக்கலின் இன்னொரு வடிவம் இது. மெய்யியலாளர் டேவிட் லூயிஸ் 1976இல் எழுதிய கட்டுரையில் இதற்கு ஒரு விடை உண்டு: பயணிக்குத் தேவையான திறமையெல்லாம் இருக்கலாம், ஆனாலும் நடந்தது நடந்ததே என்பதால் ஏதோ ஒரு சாதாரணக் காரணத்தால் அவர் தோற்பார். ரஷ்ய இயற்பியலாளர் இகோர் நோவிகோவின் தன்னிசைவுக் கொள்கையும் இதே திசையில் செல்கிறது. இதன்படி பயணியின் தலையீடு ஏற்கெனவே வரலாற்றின் பகுதி. ஒரு வேளை பிலிப்ஸின் மேசையில் தந்திகளைக் குவித்ததே அவராக இருக்கலாம்.

ஹியூ எவரெட் 1957இல் முன்வைத்த, ‘பல உலகங்கள்’ எனப்படும் குவாண்டம் விளக்கத்தைக் காலப்பயணத்தோடு இணைத்த டேவிட் டாய்ச், முரண்பாட்டை வேறு விதமாக அவிழ்க்கிறார். பயணி தடுப்பது, தனியே பிரிந்து செல்லும் வேறொரு உலகக் கிளையின் விபத்தை. அவர் புறப்பட்ட உலகில் கப்பல் மூழ்கியே இருக்கும். இறந்தவர்களின் குடும்பத்துக்கு இதில் ஆறுதல் இல்லை.

நடைமுறைத் தடை இவையெல்லாவற்றையும்விடப் பெரியது. காலவெளியின் இரு இடங்களை இணைக்கும் குறுக்குவழியான புழுத்துளையைக் கொண்டு, இயற்பியலாளர் கிப் தோர்ன் முதலியோர் 1988இல் ஆராய்ந்த காலயந்திரத்தில், அந்த யந்திரம் உருவான காலத்துக்கு முன்னால் செல்ல முடியாது. இன்று கட்டினாலும் 1912 எட்டாது. ஸ்டீபன் ஹாக்கிங் 1992இல் வெளியிட்ட காலவரிசைப் பாதுகாப்பு ஊகமோ, இயற்கை விதிகள் இப்படிப்பட்ட யந்திரங்களையே அனுமதிப்பதில்லை என்கிறது.

தடுத்திருந்தால்

அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரான ‘தி டைம் டன்னல்’ (1966) தன் முதல் பகுதியிலேயே நாயகனை டைட்டானிக்கில் இறக்கியது. அங்கே கேப்டன் அவனை நம்புவதில்லை. நம்பியிருந்தால் என்ன என்ற கேள்வியைப் புனைவுகளைவிடச் சட்ட வரலாறு நன்றாக விளக்குகிறது. எல்லோருக்கும் படகு, இரவும் பகலும் தந்திக் காவல், பனிப்பாறை ரோந்து ஆகியவற்றை வலியுறுத்திய 1914ஆம் ஆண்டுக் கடல் பாதுகாப்பு உடன்படிக்கை இந்த விபத்தின் விளைவு; விபத்து நடக்காதிருந்தால் அது அப்போது வந்திருக்காது. ஆனால் படகுகள் மட்டுமே உயிரைக் காத்துவிடுவதில்லை. அதே ஆண்டு மே மாதம் எம்பிரஸ் ஆஃப் அயர்லாந்து கப்பல் போதிய படகுகளோடு சென்றும் சுமார் 14 நிமிடங்களில் மூழ்கி, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 1915 ஜூலையில் சிகாகோ ஆற்றில் கரையோரமே கவிழ்ந்த ஈஸ்ட்லேண்ட் கப்பலில் 844 பேர் மாண்டனர். டைட்டானிக்குக்குப் பிறகு வந்த பாதுகாப்பு விதிகளை ஒட்டி அதில் கூடுதலாக ஏற்றிய படகுகளின் எடையும் அது கவிழ்ந்ததற்கான காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்படுகிறது.