காவிரிப் படுகையில் நெல்லும் எரிவாயுவும்

தஞ்சைத் தரணியின் நன்செய்க்கு அடியில் பெட்ரோலியமும் எரிவாயுவும் உறைகின்றன என்பது, 1980களில் நரிமணத்தில் எண்ணெய் கிடைத்து, அருகே பனங்குடியில் ஆண்டுக்கு 5 லட்சம் டன் கொள்திறனுடைய சுத்திகரிப்பு ஆலை 1993இல் இயங்கத் தொடங்கிய பின் எவரும் மறுக்கவியலாத உண்மையாயிற்று. அன்றுமுதல் நடந்துவரும் விவாதம் 'நெல்லா, எண்ணெயா?' என்றே வகுக்கப்படுகிறது. அந்த வகுப்பு முறையே குறையுடையது என்பது இக்கட்டுரையின் துணிபு. ஏனெனில், இன்று இப்பிரதேசத்தில் விளையும் நெல் எரிவாயுவை உண்டே விளைகிறது.

குறுவைப் பயிருக்கு மேலுரம் இடும் மாலையில், வரப்பில் 45 கிலோ யூரியா மூட்டையைப் பிரித்துக் கூடையில் அள்ளி, கணுக்கால் சேற்றில் நடந்தபடி வீசும் உழவர், அம்மூட்டை ஒன்றால் ஏறத்தாழ 21 கிலோ தழைச்சத்தை மண்ணுக்கு அளிக்கிறார். அந்தச் சத்தின் மூலமான நைட்ரஜன் காற்றிலிருந்து வருவது. ஆனால் அதனை அம்மோனியாவாகப் பிணைக்கும் ஹைட்ரஜனும், அம்மோனியாவை யூரியாவாக்கும் கரியமிலவாயுவும், ஆலையை இயக்கும் வெப்பமும் எரிவாயுவிலிருந்தே பிறக்கின்றன. நெடுங்காலம் நாப்தாவைக் கொண்டு இயங்கிய மணலி உர ஆலை, 2019இல் எண்ணூர்த் துறைமுகத்தில் திரவமாக வந்திறங்கும் இயற்கை வாயுவுக்கு மாறியது. அயல்நாட்டுக் கிணற்றிலிருந்து கப்பலேறி வரும் வாயுவும் இவ்வாறு நம் சோற்றில் கலக்கிறது.

இச்சார்பு ஒரே நாளில் நேர்ந்ததன்று. 1934இல் எழுந்த மேட்டூர் அணை நீரைத் தேக்கியபோது, வெள்ளத்தோடு வந்து வயலை வளப்படுத்திய வண்டலில் பெரும்பகுதியையும் தேக்கிக்கொண்டது; 1960-61இல் தீவிர வேளாண்மைத் திட்டத்திற்குத் தஞ்சை மாவட்டம் தேர்ந்தெடுக்கப்பட்டபின், உரத்தைத் தாங்கி விளையும் குட்டை ரகங்கள் பரவின. விளைச்சல் பெருகி, பசி நீங்கியது. அந்நன்மையை இகழ்வது நன்றி மறப்பதாகும்.

அவ்வாறாயின், எரிவாயுவுக்குக் கடன்பட்ட உழவர் அதன் கிணறுகளை எதிர்ப்பது முரணாகாதோ எனலாம். ஆகாது. எரிவாயு ஒருமுறை எடுத்தால் தீர்ந்துபோகும் முதல். நன்செய் ஆண்டுதோறும் வட்டி தரும் முதல். முன்னதற்காகப் பின்னதை அழிப்பது கணக்கிலேயே பிழை. மன்னார்குடி வட்டாரத்தில் நிலக்கரிப் படுகை மீத்தேனை எடுக்க 2010இல் ஒப்பந்தமான திட்டத்தில், வாயு வெளிப்படுமுன் படுகையின் நீரை இடைவிடாது இறைத்தாக வேண்டும். கடல் அருகிருக்கும் சமவெளியில் நிலத்தடி நீர் இறங்கினால் உவர்நீர் உட்புகும் என்னும் அச்சம் நியாயமானது. தமிழக அரசு அத்திட்டத்தை 2013இல் நிறுத்திவைத்துப் பின்னர் மறுத்தமை அவ்வகையில் தகும்.

2020ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் புதிய கிணறுகளைத் தடுக்கிறது. முன்பே தோண்டியவை தொடர்கின்றன. யூரியாவின் மீதுள்ள சார்பையோ அது தொடவேயில்லை. ஆகவே காப்பு பாதியளவே. நடவுக்கு முன் தக்கைப்பூண்டும் கொழிஞ்சியும் விதைத்து மடக்கி உழுவதும், தேங்கிய நீரில் அசோலாவையும் நீலப்பச்சைப் பாசியையும் வளர்ப்பதும், காற்றின் நைட்ரஜனை ஆலையின்றியே பயிருக்குச் சேர்க்கும் வழிகள். அவை யூரியாவை முற்றும் விலக்கா; ஆயினும் ஒவ்வொரு பருவத்திலும் ஒரு மூட்டை குறையுமாயின், நம் நிலத்தடியில் வேண்டாமென்று மறுத்த கிணற்றைப் பிறர் நிலத்தில் தோண்டச் செய்யும் தேவையும் அந்த அளவுக்குக் குறையும்.