ஸ்டோர் ரூம் பல்புக் கணக்கு

எங்கள் புதுவையில் அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்தபோது, ஸ்டோர் பொறுப்பும் என்னிடம் இருந்தது. பியூஸ் போன குண்டு பல்பைக் கொண்டுவந்து கொடுத்தால்தான் புதியது தருவேன். கொடுத்த தேதி, திரும்பிய தேதி இரண்டையும் பதிவேட்டில் எழுதுவேன். ஐந்தாறு மாதத்தில் பல்பு திரும்பி வந்துவிடும். "கம்பெனிக்காரன் வேண்டுமென்றே இப்படிச் செய்கிறான்" என்று திட்டாத நாளில்லை.

அதில் பாதி உண்மை என்று ஓய்வு பெற்ற பிறகுதான் படித்தேன். 1924 டிசம்பரில் ஜெனீவாவில் ஆஸ்ராம், பிலிப்ஸ், பிரான்சின் கொம்பாஞ்ஞி தெ லாம்ப் முதலியவை கூடி ஒப்பந்தம் போட்டன. கூட்டணியின் பெயர் ஃபீபஸ். பிரெஞ்சுப் பள்ளியில் சூரிய தேவனின் பெயராக நாங்கள் படித்த சொல்! பல்பின் ஆயுள் 1000 மணி நேரம் என்று முடிவு செய்தார்கள். அதற்குமுன் 1500, 2000 மணி எரிந்த பல்புகளும் உண்டு. கூடுதலாக எரியும் பல்பு செய்தவருக்கு அபராதம். 1939இல் போர் வந்ததும் கூட்டணி கலைந்தது.

மீதிப் பாதி? டங்ஸ்டன் இழை அதிகச் சூடேறினால் அதே மின்சாரத்தில் வெளிச்சம் கூடும், ஆயுள் குறையும். கலிபோர்னியாவில் லிவர்மோர் தீயணைப்பு நிலையத்தில் 1901 முதல் ஒரு பல்பு எரிகிறது. ஆனால் அதன் வெளிச்சத்தில் பேப்பர் படிக்க முடியாது. 1951இல் பிரிட்டிஷ் ஏகபோக ஆணையமும் 1000 மணி என்பது நியாயமான அளவுதான் என்றது.

கணக்கு இதோ. 60 வாட் குண்டு பல்பு 1000 மணிக்கு 60 யூனிட் தின்னும். ஏறத்தாழ அதே வெளிச்சத்துக்கு 14 வாட் சி.எஃப்.எல். 14 யூனிட், 9 வாட் எல்.இ.டி. 9 யூனிட். யூனிட் 5 ரூபாய் என்றால் முறையே 300, 70, 45 ரூபாய். பல்பின் விலையைவிட மின்சாரச் செலவுதான் பெரிது. என் பதிவேட்டில் வாட்டுக்கு ஒரு கட்டமே கிடையாது!

எல்.இ.டி.யும் சாகாவரம் பெற்றதல்ல. 25,000 மணி என்று அட்டையில் போட்டிருந்தாலும், உள்ளே இருக்கும் மின்சுற்று சூட்டில் முதலில் போய்விடும். எங்கள் கூடத்தில் மூடிய கண்ணாடிக் கூண்டில் போட்டது இரண்டே வருடத்தில் அணைந்தது. கூண்டைக் கழற்றிவிட்டு வேறொன்று போட்டேன். தேதியை நோட்டில் குறித்திருக்கிறேன். இந்த முறை வாட்டும் சேர்த்து.