ஒஜிப்வே மொழி: ஏடும் நாவும்

வட அமெரிக்காவின் பேரேரிகளைச் சூழ்ந்த நிலப்பரப்பிலே, ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் வாழும் ஒஜிப்வே மக்களின் மொழி அல்கோங்கிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அம்மொழி எழுத்திற் பதிவுபெற்ற வரலாற்றை நோக்குமிடத்து, பதிவு செய்தோரின் நோக்கம் வேறாகவும் பிற்காலத்து விளைந்த பயன் வேறாகவும் இருத்தலைக் காணலாம்.

சுலோவேனியரான பிரடெரிக் பராகா என்னும் கத்தோலிக்கக் குரு 1850 இல் ஒஜிப்வே இலக்கணத்தையும் 1853 இல் அகராதியையும் வெளியிட்டார். சமயப் பணியே அவர்தம் நோக்கமாகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, பொக்ஸ் என்னும் பழங்குடி மரபில் வந்த வில்லியம் ஜோன்ஸ் ஒஜிப்வே வாய்மொழிக் கதைகளைத் திரட்டினார். 1909 இல் அவர் பிலிப்பைன்சிற் கொல்லப்பட்டார். அவர் திரட்டியவை 1917, 1919 ஆம் ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வெளிவந்தன. 1938 இல் மொழியியலறிஞர் லெனாட் புளூம்பீல்ட், அன்ட்ரூ மெட்லர் என்னும் ஒஜிப்வேயரிடம் கேட்டெழுதியவையும் புளூம்பீல்டின் மறைவுக்குப் பின்னரே நூலுருப் பெற்றன.

அறிஞர் இவ்வாறு ஏட்டில் எழுதிய காலத்திலேயே, விடுதிப் பாடசாலைகளிற் சேர்க்கப்பட்ட பழங்குடிச் சிறார் தாய்மொழி பேசியமைக்காகத் தண்டிக்கப்பட்டனர். அவர்களுட் பலர் பெற்றோரானபின் தம் பிள்ளைகளுக்கு அம்மொழியைக் கற்பிக்கவில்லை. மொழி மரபு அற்றுப்போகத் தொடங்கியது இவ்விடத்திலேயே.

அற்ற மரபைச் சொற்பட்டியல் கொண்டு மட்டும் ஒட்டுதல் இயலாது. ஒஜிப்வே மொழியிற் பெயர்கள் உயிருடையன, உயிரில்லன என இருவகைப்படும். ஆயின் இப்பகுப்பை உலகியல் நோக்கால் மட்டும் உய்த்துணர முடியாது. கல்லைக் குறிக்கும் 'அசின்' உயிருடைப் பெயராகும். 'மித்திக்' என்பது மரத்தைக் குறிக்குங்கால் உயிருடையது. தடியைக் குறிக்குங்கால் உயிரற்றது. செயப்படுபொருளின் வகைக்கேற்ப வினையும் வேறுபடும். கல்லைக் காண்பதற்கு ஒரு வினை, தோணியைக் காண்பதற்கு வேறொரு வினை. எனவே, பேசுவோர் வாய்ப்பட்ட முழு வாக்கியங்களே கற்போர்க்கு வழிகாட்டியாகும். ஜோன்சும் புளூம்பீல்டும் பதிந்த உரைகளின் பெறுமதி இதனாற் புலனாகும்.

1990 இல் ஐக்கிய அமெரிக்கா பழங்குடி மொழிகளைப் பேணும் சட்டமொன்றை இயற்றியது. மொழியியலாளர் ஜோன் நிக்கல்சும் ஒஜிப்வே மொழியைப் பேசுபவரான ஏர்ள் நைஹோமும் இணைந்து ஆக்கிய அகராதி 1995 இல் வெளிவந்தது. மினசோட்டாப் பல்கலைக்கழகம் பின்னர் இணையத்தில் அமைத்த அகராதியிலே முதியோரின் குரல்களும் இடம்பெற்றன. ஆய்வுக்குரிய தகவலாளியாக மட்டும் கருதப்பட்டவர் இங்கு ஆய்வின் பங்காளியானார். விஸ்கொன்சின் மாநிலத்து வாடூகோடாடிங் பாடசாலையில் ஒஜிப்வே மொழியே பயிற்றுமொழியாயிற்று.

முன்னொரு காலத்திற் பாடசாலை பறித்த மொழியைப் பாடசாலையே மீளக் கையளிக்க முனைகின்றது. அதற்கு வேண்டிய ஏடுகளை அறிஞர் ஆக்கித் தரலாம். அம்மொழி வாழ்தலோ வீட்டிலும் வெளியிலும் சிறுவர் அதனைப் பேசுவதிலேயே தங்கியுள்ளது.