ஏலகிரி ஏறப் போறீங்களா? இன்ஜின் சூட்டைக் காட்டும் மீட்டரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

வாரமெல்லாம் ஷூ கம்பெனி, டேனரி வேலை. ஞாயிறு வந்தால் ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் காரை ஏலகிரிக்கு விடுவார்கள். கோடை வெயிலில், ஏ.சி போட்டபடி 14 கொண்டை ஊசி வளைவுகளை ஏறும்போது இன்ஜின் திணறும். ஆனால், பல சின்ன கார்களில் டெம்பரேச்சர் முள்ளே கிடையாது. சிவப்பு விளக்கு மட்டும்தான். அது எரியும்போது ஹெட் கேஸ்கெட்டே போயிருக்கலாம். அதனால்தான் தனி மீட்டர்.

எது முதலில்? கூலன்ட் டெம்பரேச்சர் மீட்டர். பெரும்பாலான கார்களில் 90 டிகிரி செல்சியஸை ஒட்டி நிற்கும். 110-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால், ஓரங்கட்டிவிடுங்கள். அடுத்தது ஆயில் பிரஷர் மீட்டர்.

புது காரா? ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள ஓ.பி.டி சாக்கெட்டில் செருகும் டிஸ்ப்ளே போதும். வயரை வெட்ட வேண்டாம். ஆனால், பெரும்பாலான கார்களில் ஆயில் பிரஷர் இதில் தெரியாது.

பழைய காரா? மீட்டரையும் சென்சாரையும் ஒரே செட்டாக வாங்குங்கள். மாற்றிப் போட்டால் அளவு தப்பும். சென்சாரின் மரை உங்கள் இன்ஜினுக்குப் பொருந்துமா என்று மெக்கானிக்கிடம் முதலில் கேளுங்கள். மெக்கானிக்கல் ஆயில் மீட்டரில் சூடான ஆயில் டியூப் வழியாக டேஷ்போர்டு வரை வரும், கசிந்தால் ஆபத்து. எலெக்ட்ரிக்கே நல்லது.

முக்கியமாக ஒன்று: ஏறிய முள் திடீரென இறங்கினால் 'அப்பாடா' என்று இருந்துவிடாதீர்கள். கூலன்ட் மொத்தமும் கொட்டிப்போய், சென்சார் காற்றில் நின்றாலும் அப்படித்தான் காட்டும். உடனே இன்ஜினை நிறுத்துங்கள். நன்றாக ஆறும்வரை ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதீர்கள்!