மீன் பிடிக்கவும் கோட்டாவா? பிரிட்டனில் பங்கு பிரிப்பது யார்?

கடலில் மீன் இருக்கு, கையில் படகும் இருக்கு. அப்புறம் என்ன, பிடிக்க வேண்டியதுதானே? பிரிட்டனில் அது அவ்வளவு சுலபமில்லை.

காட், ஹேடாக் போன்ற மீன்களை ஓராண்டில் எத்தனை டன் பிடிக்கலாம் என்று முதலில் வரம்பு நிர்ணயிக்கப்படும். பிரிட்டனுக்குக் கிடைப்பதில் பெரும்பகுதி 'மீன் உற்பத்தியாளர் அமைப்பு'களுக்குப் போகும். படகு உரிமையாளர்கள் ஒன்றுசேர்ந்து நடத்தும் அமைப்புகள் அவை.

எந்த அமைப்புக்கு எவ்வளவு?

உறுப்பினர்களின் படகு உரிமங்களோடு வரும் பங்குகளைக் கூட்டிக் கணக்கிடுவார்கள். 1999இல் வந்த முறை இது. பெரும்பாலும் 1994 முதல் 1996 வரை பிடித்த அளவே அடிப்படை.

படகுகளுக்கு எப்படிப் பிரிப்பார்கள்?

சில அமைப்புகள் பங்குகளைப் பொதுவில் போட்டு, ஒவ்வொரு படகுக்கும் மாத வரம்பு வைக்கும். வேறு சில, படகுவாரியாகத் தனி ஒதுக்கீடு கொடுக்கும். பொதுப் பங்கில் ஒருவர் கூடுதலாகப் பிடித்தால் மற்றவர்களுக்குக் குறையும். அதனால்தான் கண்காணிப்பு கடுமை.

தீர்ந்துவிட்டால்?

வேறு அமைப்பிடம் மாற்றிக்கொள்ளலாம் அல்லது குத்தகைக்கு வாங்கலாம். கிடைக்காவிட்டால் அந்த மீனைப் பிடிப்பதை நிறுத்த வேண்டியதுதான்.

சின்னப் படகுகள்?

10 மீட்டருக்கு மேற்போகாத படகுகளில் பெரும்பாலானவை எந்த அமைப்பிலும் இல்லை. அவற்றின் பங்கை அரசாங்கமே கவனிக்கிறது. எண்ணிக்கையில் அவைதான் அதிகம்; கிடைக்கும் கோட்டாவோ கொஞ்சம். பல ஆண்டுகளாகத் தொடரும் மனக்குறை அதுதான்.