உப்பு முன்னே, நீர் பின்னே

ஒரு குளோரைடு அயனியின் கதை இது. நேற்றைய சாம்பாரில் போட்ட உப்பில் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். குடல் அதை உறிஞ்சி ரத்தத்தில் சேர்த்துவிட்டது. இப்போது காதுக்கு முன்னால், கன்னத்துத் தோலுக்கடியில் இருக்கும் பரோட்டிட் சுரப்பியின் ரத்த நுண்குழாய்க்குள் வந்து நிற்கிறது. பொன்னுக்கு வீங்கி வந்தால் வீங்குமே, அந்தச் சுரப்பிதான். அங்கிருந்து வாய்க்குச் சில சென்டிமீட்டர் தூரம்தான். ஆனால் இந்தப் பயணம் நின்றுபோனால் ஒரு கவளம் சோறு தொண்டையில் இறங்காது.

உமிழ்நீரைப் பற்றிச் சொல்வதென்றால் தண்ணீரைப் பற்றியல்லவா சொல்ல வேண்டும், உப்புக்கு என்ன வேலை? உமிழ்நீரில் 99 சதவீதம் தண்ணீர் என்பது உண்மைதான். நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை சுரக்கிறது. ஆனால் தண்ணீரை நேராக இறைக்கிற பம்பு எதுவும் இந்தச் சுரப்பியில் இல்லை. செல்களுக்குத் தெரிந்ததெல்லாம் உப்பை இடம் மாற்றுவது. உப்பு போன பக்கம் தண்ணீர் தானாகப் போகும்.

இது புரிய வெகுகாலம் பிடித்தது. 1660இல் டென்மார்க்கைச் சேர்ந்த நீல்ஸ் ஸ்டென்சன் என்ற மாணவர் ஆம்ஸ்டர்டாமில் ஓர் ஆட்டுத்தலையை அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது பரோட்டிட்டின் வெளிக்குழாயைக் கண்டுகொண்டார். இன்றும் அது அவர் பெயரால்தான் அறியப்படுகிறது. மேல்தாடையின் இரண்டாம் கடைவாய்ப்பல்லுக்கு எதிரே, கன்னத்தின் உட்புறத்தில் அது திறக்கிறது. நாக்கால் துழாவினால் சிறு மேடாகத் தட்டுப்படும். நீர் வரும் வழி இப்படித் தெரிந்துவிட்டது. அதை எது தள்ளுகிறது என்பது தெரியவில்லை.

ரத்த அழுத்தம்தான் தள்ளுகிறது என்று நினைப்பது இயல்பு. சிறுநீரகத்தில் அப்படித்தான் நடக்கிறது என்று சொன்னவர் ஜெர்மன் உடலியலாளர் கார்ல் லுட்விக். அவரே 1851இல் ஒரு நாயின் கீழ்த்தாடைச் சுரப்பிக்குப் போகும் நரம்பைத் தூண்டி, சுரப்பியின் குழாயில் அழுத்தமானியைப் பொருத்தினார். உமிழ்நீரின் அழுத்தம் அந்த நாயின் தமனி ரத்தத்தின் அழுத்தத்தையே தாண்டிப் போனது. பின்னாலிருந்து தள்ளுகிற விசையைவிட முன்னால் வருகிற விசை அதிகம் என்றால், அது வடிகட்டல் அல்ல. சுரப்பியே ஏதோ வேலை செய்கிறது. பாவ்லோவின் நாயைப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். உமிழ்நீர் எப்படி உண்டாகிறது என்பதைப் பற்றி அதிகம் சொன்னது, என்னைக் கேட்டால், லுட்விக்கின் நாய்தான்.

அந்த வேலை என்ன என்பதை நம் அயனியோடு கூடப்போய்ப் பார்க்கலாம். சுரப்பியின் செல்கள் சின்னச் சின்னக் கொத்துகளாக இருக்கின்றன. ஒவ்வொரு செல்லுக்கும் ரத்தத்தைப் பார்த்த முதுகுப்புறம் ஒன்று, குழாயைப் பார்த்த முகப்புறம் ஒன்று. குளோரைடு முதுகுப்புறம் ஏற வேண்டும். அது எதிர்மின்னூட்டம் கொண்டது. செல்லின் உள்பக்கமும் எதிர்மின்னூட்டத்தில்தான் இருக்கிறது. அதனால் தனியாக உள்ளே நுழைய முயன்றால் விரட்டப்படும். அதை உள்ளே கொண்டுவருவது என்.கே.சி.சி.1 என்ற புரதம். இது நம் ஊர் ஷேர் ஆட்டோ மாதிரி: ஒரு சோடியம், ஒரு பொட்டாசியம், இரண்டு குளோரைடு, நான்கு இடமும் நிரம்பினால்தான் வண்டி நகரும். வண்டியை இழுப்பது சோடியம். வெளியே அது செல்லுக்குள் இருப்பதைப்போலப் பத்து மடங்கு இருப்பதால் உள்ளே பாயத் துடிக்கிறது. அதன் வேகத்தில் குளோரைடும் சேர்ந்து உள்ளே வந்துவிடுகிறது.

ஏறி வந்த சோடியம் உள்ளேயே தேங்கினால் வண்டி நின்றுவிடும். அதை வெளியேற்றுவதற்குத்தான் சுரப்பி காசு செலவழிக்கிறது. 1957இல் டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கௌ நண்டின் நரம்பில் கண்டுபிடித்த சோடியம் பம்பு இங்கும் முதுகுப்புறத்தில் உட்கார்ந்திருக்கிறது. செல்லின் எரிபொருளான ஏ.டி.பி. மூலக்கூறு ஒன்றை எரித்து மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறது. மூன்று சோடியம் வெளியே போனால் மூன்று நடை ஓட்டலாம், அதாவது ஆறு குளோரைடு. ஒரு ஏ.டி.பி.க்கு ஆறு குளோரைடு என்பது சிக்கனமான கணக்குதான். ஸ்கௌவுக்கு 1997இல், நாற்பது ஆண்டு கழித்து, வேதியியல் நோபல் கிடைத்தது. என்.கே.சி.சி.1 இல்லாமல் எலிகளை வளர்த்துப் பார்த்தபோது பரோட்டிட்டின் சுரப்பு பாதிக்கும் கீழே போனது. முழுதாக நின்றுவிடவில்லை, குளோரைடுக்குச் சிறு மாற்றுவழிகளும் உண்டு.

செல்லுக்குள் வந்த நம் அயனி இப்போது காத்திருக்கிறது. முகப்புறக் கதவு மூடியிருக்கிறது. அதைத் திறக்க ஓர் ஊறுகாய்த் துண்டு போதும். புளிப்பு நாக்கில் பட்டதும் சேதி மூளைத்தண்டுக்குப் போய், நரம்பு வழியாகச் சுரப்பிக்குத் திரும்புகிறது. நரம்பு நுனியிலிருந்து அசிட்டைல்கோலின் சிந்தி, செல்லின் முதுகுப்புறத்து ஏற்பியில் ஒட்டுகிறது. அங்கிருந்து சேதியை உள்ளே கொண்டுபோகிற ஆள் ஐ.பி.3 என்ற சின்ன மூலக்கூறு. அது செல்லுக்குள் பூட்டிவைத்த கால்சியத்தை அவிழ்த்துவிடுகிறது. இந்தச் சேதி போகும் வழியைத் துலக்கியதில் பெரும்பங்கு கேம்பிரிட்ஜின் மைக்கேல் பெரிட்ஜுக்கு உரியது. அவர் பல ஆண்டுகள் ஆராய்ந்தது ஊது ஈயின் உமிழ்நீர்ச் சுரப்பியை. சாப்பாட்டின் மேல் ஈ உட்கார்ந்தால் முகம் சுளிக்கிறோம். ஆனால் மனித உடம்பின் எத்தனையோ செல்களில் ஓடும் இந்தச் சேதியைப் படிக்கக் கற்றுத்தந்ததில் ஈயின் எச்சிலுக்குப் பங்கு உண்டு.

கால்சியம் கூடியதும் இரண்டு கதவுகள் திறக்கின்றன. முகப்புறத்தில் குளோரைடின் கதவு, முதுகுப்புறத்தில் பொட்டாசியத்தின் கதவு. குளோரைடைப் பற்றிப் பேசும்போது பொட்டாசியம் ஏன் குறுக்கே வருகிறது? குளோரைடு மட்டும் வெளியே போய்க்கொண்டிருந்தால் செல்லின் உட்புறத்து எதிர்மின்னூட்டம் குறைந்து, ஓட்டம் சீக்கிரமே நின்றுபோகும். நேர்மின்னூட்டமுள்ள பொட்டாசியம் பின்வாசல் வழியாக வெளியேறி அந்தக் கணக்கைச் சரிக்கட்டுகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் வெளியேறுவதால், கூடவே நீரும் போய், செல் சில வினாடிகளில் கண்கூடாகச் சுருங்குகிறது. 1980களின் முடிவில் ஒற்றைச் செல்லில் கால்சியத்தையும் பருமனையும் சேர்த்து அளந்து இதைக் காட்டினார்கள்.

பொட்டாசியக் கதவு 1983இலேயே அகப்பட்டது. குளோரைடு கதவு இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். எந்தப் புரதம் என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை. 2008இல் சியோல், ஜெனோவா, சான் பிரான்சிஸ்கோ ஆகிய ஊர்களிலிருந்து மூன்று குழுக்கள் தனித்தனியாக ஒரே பெயரைச் சொல்லின: டி.எம்.இ.எம்.16ஏ.

நம் அயனி கதவைத் தாண்டிவிட்டது. செல்கள் சூழ்ந்த நுண்ணிய இடைவெளியில் இப்போது குளோரைடு குவிகிறது. அந்த எதிர்மின்னூட்டத்தால் ஈர்க்கப்பட்டு, சோடியம் செல்லுக்குள் நுழையாமல் இரு செல்களுக்கு இடையிலுள்ள இடுக்கு வழியாகவே வந்து சேர்கிறது. சோடியமும் குளோரைடும் சேர்ந்தால் உப்பு. உப்பு சேர்ந்த இடத்துக்குச் சவ்வூடுபரவலால் தண்ணீர் வருகிறது. தண்ணீருக்கென்று முகப்புறத்தில் தனிவழி உண்டு: அக்வாபோரின்-5. அமெரிக்க ஆய்வாளர் பீட்டர் ஆக்ரேயின் குழு 1995இல் எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்தே இதைப் பிரித்தெடுத்தது. இது இல்லாத எலிகளுக்கு உமிழ்நீர் குறைந்ததோடு, வந்த கொஞ்சமும் கெட்டியாக, உப்பு மிகுந்து இருந்தது. இத்தனையும் சேர்ந்து வேலை செய்யும்போது, உச்சத்தில், ஒரு கிராம் சுரப்பி நிமிடத்துக்கு ஒரு மில்லிலிட்டர் நீரைத் தருகிறது. தன் எடைக்கு எடை, நிமிடத்துக்கு ஒரு முறை.

இந்தக் கட்டத்தில் உமிழ்நீர் ஏறக்குறைய ரத்தத்தின் நீர்ப்பகுதி அளவுக்கு உப்பாக இருக்கும். ஆனால் நம் வாய் கரிப்பதில்லையே? போகும் வழியில் குழாயின் செல்கள் சோடியத்தையும் குளோரைடையும் திரும்ப எடுத்துக்கொள்கின்றன. பதிலுக்குப் பொட்டாசியத்தையும் பைகார்பனேட்டையும் போடுகின்றன. தண்ணீர் திரும்பிப் போக முடியாதபடி குழாயின் சுவர் இறுக்கமாக இருக்கிறது. உப்பு குறைந்த இந்த நீரில் நாக்கு ஊறியிருப்பதால்தான் ரசத்தில் உப்பு ஒரு சிட்டிகை குறைந்தாலும் நமக்குத் தெரிகிறது. பைகார்பனேட் பல்லை அரிக்கும் அமிலத்தை முறிக்கிறது.

ஆக, நம் அயனி வாய்க்குப் போய்ச் சேருமா என்பது வேகத்தைப் பொறுத்தது. வாய் சும்மா இருக்கும்போது நீர் மெல்ல நகரும். நம் அயனி அநேகமாகக் குழாயிலேயே பிடிபட்டு ரத்தத்துக்குத் திரும்பிவிடும். ஊறுகாயைக் கடித்திருந்தால் நீர் விரைந்து ஓடும். குழாய்ச் செல்களுக்கு எடுத்துக்கொள்ள நேரமில்லாததால் அயனி தப்பி வாய்க்கு வந்துவிடும். சுரப்பு கூடக்கூட உமிழ்நீரில் சோடியமும் கூடுகிறது என்பதை மனிதர்களின் பரோட்டிட்டில் அளந்து 1954இல் தைசன் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் எழுதினார்கள். அதிலிருந்துதான் இரண்டு கட்டச் சுரப்பு என்ற கருத்து வேர்விட்டது. வாய்க்கு வந்தாலும் என்ன, விழுங்கினால் மறுபடி குடல், மறுபடி ரத்தம்.

இந்த வழி பல இடங்களில் அறுபடலாம். தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்தவர்களுக்கு நீரைச் சுரக்கும் செல்களே அழிந்துபோகின்றன. குழாய்ச் செல்கள் மிஞ்சுகின்றன. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் புரூஸ் பாமின் குழு, நீரை விடாத அந்தக் குழாய்ச் செல்களுக்கு அக்வாபோரின்-1 மரபணுவைக் கொடுத்துப் பார்த்தது. 2012இல் வெளியான முடிவு: 11 பேரில் 6 பேருக்கு உமிழ்நீர் கூடியது.

கதிர்வீச்சைவிட அன்றாடம் காணும் காரணம் மாத்திரை. ஊமத்தங்காய் தின்றவருக்கு வாய் வறள்வது அதிலுள்ள அட்ரோபின் அசிட்டைல்கோலினின் இடத்தை அடைத்துக்கொள்வதால். ஒவ்வாமைக்கும் மனச்சோர்வுக்கும் சிறுநீர்ப்பைக் கோளாறுக்கும் தரும் மருந்துகளில் சிலவும் இதையே செய்கின்றன. வாய் வாரக்கணக்கில் காய்ந்தே இருந்தால், வயசாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். உமிழ்நீர் குறைந்தால் பல் வேகமாகச் சொத்தையாகும். சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். அவர் சொல்லாமல் எதையும் நிறுத்தாதீர்கள்.